இடம்

வேலைவாய்ப்பு அலுவலகத்தில்
மூன்றாவது முறையாகக் கேட்டார்கள்:
செப்புத் தகட்டில் செதுக்கப் படித்தவளுக்கு
திரியெஸ்தேயில் எங்கே இடம் இருக்கிறது, நிவெஸ்?

நான் பார்க்காத வேலையா.
படகுகளுக்குப் பெயர் எழுதினேன்.
பல் மருத்துவப் பாடநூலுக்கு
முப்பத்திரண்டையும் வேரோடு வரைந்தேன்.
கோயில் சம்மனசு ஒன்றுக்குச் சுண்டுவிரல் ஒட்டினேன்.
காப்பிக்கடைக் கரும்பலகையில் எழுதிய விலைப்பட்டியல்தான்
இந்த ஊரில் அதிகம் பேர் நின்று பார்த்த என் படைப்பு.

பிறகு இந்த மருத்துவமனை, பதினொரு மாத ஒப்பந்தம்.
"ஓவிய சிகிச்சை" என்று கதவில் காகிதம் ஒட்டியிருக்கிறது.
சம்பளம் மட்டும்
கையுறையும் பஞ்சும் வாங்கும் கணக்கிலிருந்து.
தீர்ந்துபோகும் பொருட்கள் என்று
அந்தக் கணக்குக்குப் பெயர்.

துல்லியோ துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர்.
நாற்பது மீட்டர் மேலே உட்கார்ந்துகொண்டு
கொள்கலனை முட்டைபோல் கப்பலில் இறக்குவாராம்.
மார்ச்சில் மூளைக்குள் ஒரு ரத்தக்குழாய் அடைத்தது.
கண்ணுக்கு ஒன்றுமில்லை.
ஆனால் உலகத்தில் அவருக்கு
இடம் இல்லை, வலம் மட்டும்தான்.

கடிகாரம் வரையச் சொன்னால்
பன்னிரண்டில் தொடங்கி ஆறோடு நேரம் முடிந்துவிடும்.
முகத்தில் பாதிதான் மழித்திருப்பார்.
தட்டில் பாதியைத் தின்றுவிட்டு
பட்டினி போடுகிறார்கள் என்று சமையலறையைத் திட்டுவார்.

முதல் நாள் தந்த படம்:
தாளின் வல ஓரத்தில் கரியால் பாதிக் கிரேன், பாதிக் கப்பல்.
மிச்சமெல்லாம் வெள்ளை.
எனக்கு மூச்சே நின்றது.
எவ்வளவு துணிச்சலான வெற்றிடம்!
என் பேராசிரியர் கண்டிருந்தால்
வகுப்பையே எழுந்து நிற்கச் சொல்லியிருப்பார்.

இரவு பஸ்ஸில்தான் உறைத்தது.
அந்த மனிதர் எதையும் விட்டுவைக்கவில்லை.
விட்டுவைக்க ஏதோ இருக்கிறது என்பதே
அவரிடம் இல்லை.
அதை நான் ரசித்திருந்தேன்.
ஜன்னல் கண்ணாடியில் என் முகம் வந்தது,
பார்க்கவில்லை.

தகட்டில் கோடு இழுக்கிறவளுக்கு
ஒன்று விரல் நுனிவரை தெரியும்:
அங்கே இடம் என்றால் தாளில் வலம்.
ஆறு வருடம் உலகத்தைத் திருப்பிப் போட்டே யோசித்திருக்கிறேன்.
தாளின் இட ஓரத்தில் சிவப்பாய் ஒரு பட்டை அடித்தேன்.
சிவப்பு கிடைக்கும்வரை போங்கள் என்றேன்.
எங்கே சிவப்பு, பொய் சொல்கிறாய் என்றார்.
தூரிகையை என் மேல் எறிந்தார் ஒரு நாள்.
அவருக்கு இடப்பக்கம் நின்றிருந்தால்
தப்பித்திருப்பேன்.

ஜூலை போனது. ஆகஸ்ட் போனது.
ஒப்பந்தம் போய்க்கொண்டிருந்தது.

போரா காற்று ஊரைப் பிடித்து உலுக்கிய ஒரு செவ்வாய்.
ஜன்னல்கள் பற்களாய்க் கிடுகிடுத்தன.
துல்லியோ கப்பலில் கரியை வைத்து
இடப்பக்கமாக இழுக்கத் தொடங்கினார்.
நின்றார். பெருமூச்சு விட்டார். மறுபடி இழுத்தார்.
என்ன வரைகிறீர்கள்?
"கயிறு. இந்தக் காற்றுக்குத் தெருவில் கட்டுவார்களே.
பிடித்துக்கொண்டு போகிறேன், பேசாதே."
கோடு நடுங்கியது, தொய்ந்தது, வளைந்தது.
திருத்தத் துடித்த என் கையை
மேலங்கிப் பைக்குள் போட்டு வைத்தேன்.
எனக்கு யாரும் சொல்லித்தராத பாடம் அது.

கரி போய்ச் சிவப்பில் முட்டியது.
நெடுநேரம் பார்த்தார்.
"இங்கே யார் சுவர் வைத்தது?"
நான்தான்.
"இடிக்கணும்."

மதியம் பொலெந்தா.
வலப்பாதி தீர்ந்ததும்
தட்டின் விளிம்பைப் பிடித்து
கிரேன் திருப்புகிற நிதானத்தில்
அரை வட்டம் திருப்பினார்.

நர்ஸ் தெல்மா குறிப்பேட்டில் எழுதினாள்:
முழுதும் சாப்பிட்டார்.
வேறொன்றும் எழுதவில்லை.

அச்சுப்படிக்கு எண் இடும் வழக்கப்படி
அந்த வரியின் கீழே, இட மூலையில்
பென்சிலால் பொடியாக 1/1 என்று போட்டேன்.
வல மூலையில் கையெழுத்திடவில்லை.

தெல்மா பார்த்துவிட்டாள்.
இது மருத்துவக் குறிப்பு, நிவெஸ், என்று
ரப்பரை நீட்டினாள்.