தரவில் சேராத இருமல்

"ரயிலா? அது பழகி இருபது வருஷமாகிறது"
என்றார் ஃபோல்க்மார் எஷ்.
சட்டையைக் கழற்றி
மாட்டை மருத்துவரிடம் காட்டுவதுபோல
தன் மார்பைக் காட்டினார்.
மூன்று மின்முனைகள்.
ஒன்று ஒட்டவில்லை, நரைமுடியைக் கொஞ்சம் மழித்தேன்.

ரைன் நதி இடுப்பு ஒடுங்கும் இடம் அது.
இக்கரையில் ஒரு தண்டவாளம், அக்கரையில் ஒன்று,
சரிவெல்லாம் திராட்சை.
ஒரு சரக்கு ரயில் போனால்
பள்ளத்தாக்கு அதை இரண்டு முறை சொல்லும்.

காதுக் கருவியைக் கழற்றித்
தண்ணீர்க் குவளைக்குப் பக்கத்தில் வைத்தார்.
கேட்கிற காதைத் தலையணையில் அழுத்திப் படுத்தார்.
இனி எந்தச் சங்கை ஊதினால் என்ன.

மறுநாள் கோப்லென்ஸில், திரையில், அந்த இரவு:

12:51. நாற்பது பெட்டிகள்.
அறுபத்திரண்டில் இருந்த துடிப்பு எழுபத்தொன்பது.
1:17. கார்கள் ஏற்றிய ரயில். எண்பத்துநான்கு.
மூளையின் அலைகள் அசையவில்லை.
மனிதர் தூங்குகிறார்,
அவருக்குள் ஒருவர் எழுந்து
வாசல்வரை போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்.
விடியும்வரை முப்பத்தோரு தடவை.

வேகஸ் என்றொரு நரம்பு.
லத்தீனில் அலைபவன் என்று அர்த்தம்.
மண்டையடியில் கிளம்பி
காதுத் துளைக்கு ஒரு கிளையை நீட்டிவிட்டு
தொண்டை வழியே இறங்கி
இதயத்தின்மேல் கைவைத்து
"மெல்ல, மெல்ல" என்று சொல்லிக்கொண்டே இருக்கும்.
ரயில் வரும்போதெல்லாம்
அந்தக் கை விலகுகிறது.
பழகிப்போனது என்பது
வாய் சொல்லும் சேதி.

3:26.
ரயில் இல்லை.
ஆனாலும் கோடு அசைந்திருந்தது.
ஏறவில்லை, இறங்கியிருந்தது.
அறுபத்தொன்று, ஐம்பத்தெட்டு, ஐம்பத்துநான்கு.

ஒலிப்பதிவைக் கூட்டிக் கூட்டிக் கேட்டேன்.
குழாயில் நீர். எங்கோ ஒரு மரச்சட்டம் முனகுகிறது.
பிறகு சுவருக்கு அப்பால்
ஒரு பெண்ணின் இருமல்,
வறண்டு, இரண்டாக உடைந்து.

ஒன்றென்றால் தற்செயல் என்று விட்டிருப்பேன்.
அந்த இரவில் ஏழு இருமல்.
ஆறு முறை இறங்கியது.
ஏழாவதற்குள் ரயில் குறுக்கே வந்துவிட்டது.

கருவி மாட்டப் போன அன்றே சொல்லியிருந்தாள் ஹெட்விக்,
படிக்கட்டில், என் பெட்டியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு.
ஒலித்தடுப்புச் சுவர் கட்ட
கீழ்ச்சரிவுத் தோட்டத்தை ரயில்வே கேட்டது.
அவள் கையெழுத்துப் போட்டாள்.
அவர் போடவில்லை.
பதினொரு வாரமாகப் பேச்சில்லை,
அவளுக்கு மகனின் பழைய அறை.
வராத ஒரு சுவருக்காக
இருக்கிற ஒரு சுவரின்
இரு பக்கமும் படுத்திருந்தார்கள்.

ஆய்வு விதிகள், பக்கம் ஒன்பது:
ரயில் அல்லாத ஒலிகளை நீக்குக.
காதும் காதும் வைத்தாற்போல்
ஏழையும் நீக்கினேன்.
வேறு எந்தக் கட்டத்தில் எழுதுவது அவற்றை?

அடுத்த வாரம் முடிவுகளோடு போனேன்.
"கல்லுபோலத் தூங்கினேன்தானே?"
"நீங்கள் தூங்கினீர்கள். உங்கள் இதயம் தூங்கவில்லை."
மூக்கால் சிரித்தார்.
வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்து
ஏதோ மலைபோல இருக்கிறது என்றார்.
"வேறு ஒன்றுமில்லையா?"

ஹெட்விக் என் கோப்பையில் காப்பி ஊற்றினாள்.
அவருடையதைத் தொடவில்லை.
"வேறு ஒன்றுமில்லை" என்றேன்.
சொன்ன என் குரல்
எனக்கே கொஞ்சம் உயரமாகக் கேட்டது.

அவள் உள்ளே போய்
அடுப்புப் பக்கம் நின்று இருமினாள்.
வறண்டு, இரண்டாக உடைந்து.

அவர் திரும்பவில்லை.
காதில் போட்டுக்கொண்டதாகவே தெரியவில்லை.
மின்முனைகளை நான்
முந்தைய வாரமே கழற்றிவிட்டேன்.
மேசையில் சர்க்கரையைத் தேடிக்கொண்டிருந்தார்,
அது அவர் கைக்கருகிலேயே இருந்தது.