மூணு மணிக்கு முன்னால்

தேங்காய்ப்பட்டணத்திலிருந்து ஸ்கூட்டரில் வந்தார் ததேயுஸ்.
சட்டையில் ஐஸ் கம்பெனி ஈரம்,
கக்கத்தில் மடிக்கணினி,
சாவிக்கொத்தில் விரல்நுனி அளவு டோக்கன்.
'மூணு மணிக்கு டெண்டர் பூட்டிரும் பிள்ளே.
எல்லாம் ஏறிட்டு. கையெழுத்து மட்டும் விழமாட்டேங்கு.'

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்கு அடியில் என் கடை.
மேலே லாரி போனால்
திரையில் அம்புக்குறி நடுங்கும்.

மைத்துனன் தோஹாவிலிருந்து கொடுத்தனுப்பிய கணினி:
விசிறி இல்லை, சத்தம் இல்லை,
பப்படம் போல மெலிசு.
செருகுநிரலை இறக்கினேன், நிறுவினேன்.
உலாவி சொன்னது: செருகுநிரல் காணவில்லை.

பொய்யில்லை அது.
இந்தச் சில்லு வாசிக்கும் எழுத்து வேறு.
செருகுநிரலை எழுதியவனுக்கு
இப்படி ஒன்று பிறக்கும் என்று
யாரும் சொல்லியிருக்கவில்லை.

என் மேசைக் கணினிக்கு மாறினேன்.
அறுபத்து நாலு பிட். கொஞ்சம் தாட்சண்யம் உள்ளது.
முப்பத்திரண்டுக்கென்று தனிக் கோப்புறை வைத்திருக்கும்,
ஒரு வீட்டில் இரண்டு அடுக்களை மாதிரி.
ஆனால் அறுபத்து நாலின் உலாவி
அந்த அடுப்பில் வெந்ததைத் தொடாது.

'உனக்க மெஷினுக்கும் சாதி உண்டா?'
'சாதி இல்ல அண்ணே. பிட்டு.'

அவர் சிரித்தார், மணியைப் பார்த்துக்கொண்டே.
'எனக்க அம்ம வழி ஆதாரம் மலையாளத்துல,
அப்பன் வழி தமிழ்ல.
ரெண்டையும் வாசிக்க ஆபீஸ்ல ஒரே ஒரு ஆளு.
வியாழக்கிழமை மட்டும் வருவாரு.'

இரண்டு முப்பத்தொன்று.

ஜெராக்ஸ் மெஷினைத் தூக்கிக் கீழே வைத்தேன்.
அதற்கு முக்காலியாக நாலு வருஷம் கிடந்த
பழைய பெட்டியின் தூசியை ஊதினேன்.
முப்பத்திரண்டு பிட். புதுப்பிக்கப்படாத உலாவி.
விசிறி, கரும்பு மில் போல எழுந்தது.

செருகுநிரல் சட்டென்று உட்கார்ந்தது,
அடையாளம் கேட்காமல்.
டோக்கனில் சிவப்பு விளக்கு.
பிறகு ஒரு வரி:
சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகவில்லை.

உயிர் போன பேட்டரி.
அந்தப் பெட்டிக்கு அன்று
ஜனவரி ஒன்று, இரண்டாயிரத்து மூன்று.
ததேயுஸ் என்ற பெயரில்
கையெழுத்திட இன்னும் யாரும் வரவில்லை.

வருஷங்களை ஒவ்வொன்றாகத் தட்டி ஏற்றினேன்.
அவர் அண்ணாந்து பாலத்தைப் பார்த்தபடி நின்றார்,
உதடு மட்டும் அசைந்தது.
ஜெபமோ, கடவு எண்ணோ.

இரண்டு ஐம்பத்துநாலு. விழுந்தது.

'அடுத்த மாசமும் டெண்டர் உண்டும்.
இதைத் தூக்கி எறிஞ்சிராத, கேட்டியா?'

மார்க்கரில் எழுதி ஒட்டினேன்:
அப்டேட் செய்யாதே.

வெளியே ஆதார் நகலோடு ஒரு பெண்
வெகுநேரமாக நிற்கிறாள்.
தரையில் கிடக்கும் ஜெராக்ஸ் மெஷினுக்கு முன்னால்
குந்தி உட்கார்கிறேன்.
மேலே ஒரு லாரி போகிறது.
நகல் லேசாகக் கோணலாக வருகிறது.