கொஞ்சம் முரடு

டிசம்பர் முழுக்க பெர்கனில் மழை.
மூன்றாம் மாடியில், தொண்டு நிறுவனமொன்றில்
தற்காலிகத் தொலைபேசிக்காரி நான்.
பண்டிகை முடிந்த பிறகுதான் எனக்கு வேலை.
பரிசு வாங்கியவர்கள் அழைப்பதில்லை,
பரிசு கிடைத்தவர்கள் அழைப்பார்கள்.
பாதி ஆடு என்றால்
முன்பாதியா பின்பாதியா என்று கேட்டார் ஒருவர்.
பணமாக மாற்றித் தருவீர்களா என்றாள் ஒருத்தி.

அப்புறம் எய்லிவ் ஸ்கோர்கே.
மருமகள் மரித் தந்தாளாம்.
கம்பளிக் காலுறையை எதிர்பார்த்துப் பிரித்தால்
உள்ளே ஓர் அட்டை.
உங்கள் பெயரில்
மலாவியில் ஒரு குடும்பத்துக்கு ஆடு.
கீழே அதன் படம்.
'எண்பத்தொரு வயதில் எனக்கு ஆடு' என்றார்.
'சரி, இருக்கட்டும்.
எப்படி இருக்கிறது அது?'

இந்தக் கேள்விக்கான பதிலை
திரைக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்திருக்கிறார்கள்.
படம் மாதிரிக்கு மட்டுமே.
தொகை பொது நிதியில் சேரும்.
தேவையைப் பொறுத்து ஆடாகவோ விதையாகவோ
கிணற்றுக்கு உறையாகவோ மாறும்.
அத்தனையும் உண்மை.
நல்ல உண்மையும்கூட,
ஆட்டைவிடக் கிணறு நெடுநாள் உழைக்கும்.

வாயைத் திறந்தேன்.
அந்தப் பக்கம் ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.
வேறு சத்தமே இல்லாத வீட்டில்தான்
கடிகாரம் அப்படிக் கேட்கும்.
'நன்றாக இருக்கிறது' என்றேன். 'கொஞ்சம் முரடு.
இடது காது மட்டும் வெள்ளை.'

அட்டையைத் திருப்புகிற சத்தம்.
'ஓ' என்றார்.
'வெள்ளையா.'

பொய்க்குக் கால் இல்லை என்பார்கள்.
என்னுடையதற்கு நான்கு.

பிப்ரவரியில், அங்கே மழையா என்றார்.
மார்ச்சில், என்ன தின்னும் என்றார்.
மதிய உணவை ஒரு கையில் வைத்துக்கொண்டு
மலாவியின் பருவங்களைப் படித்தேன்.
மாந்தோல் கிடைத்தால் விடாது என்று சொன்னேன்.
வேலையை நீட்டிக்கிறோம் என்றார்கள் அலுவலகத்தில்.
சரி என்றது ஆட்டுக்காக,
அதை யாரிடமும் சொல்லவில்லை.

ஏப்ரலில் சினையானது.
செப்டம்பரில் ஒரு குட்டி என்றுதான் நினைத்திருந்தேன்.
அன்றைக்கு அவருக்கு இருமல்.
இரண்டாக்கினேன்.

'ராத்திரி எங்கே படுக்கும்?'
அதை மட்டும் நான் யோசித்திருக்கவில்லை.
கொட்டில் இன்னும் கட்டவில்லை என்றேன்.
நான்காம் நாள் அறுநூறு குரோனர் வந்தது,
குறிப்பில் ஒரே வார்த்தை: கொட்டிலுக்கு.
கணக்குப் பிரிவு விக்டிஸ் என் மேசைக்கு வந்தாள்.
'கொட்டில் என்று நம்மிடம் தலைப்பே இல்லையே?'
'பொது நிதியில் போடு' என்றேன். முகம் சுட்டது.
எங்கோ ஒரு கிணற்றுக்குள்
அந்தக் கொட்டில் உறையாக இறங்கியிருக்கும்.
யாரோ அதிலிருந்து தண்ணீர் சேந்துகிறார்கள் இப்போது,
ஆட்டுக்கும் சேர்த்து என்று
நினைத்துக்கொள்கிறேன்.

இந்த டிசம்பரிலும் மழை.
நேற்று என் பெயருக்கே ஒரு கடிதம்,
எங்கள் முத்திரையோடு.
உள்ளே எனக்கு ஓர் ஆடு.
கொடுத்தவர் எய்லிவ் ஸ்கோர்கே.
'தூவாவுக்கு. அதற்கும் ஒரு துணை வேண்டாமா.'

ஆயிரக்கணக்கில் இங்கிருந்து போகும் அட்டை.
ஒன்றைக்கூட நான் பிரித்துப் பார்த்ததில்லை.
போன வருடம் அச்சடித்ததே
இன்னும் தீரவில்லை, அதே படம்தான்.
தலையிலிருந்து வால் வரை பழுப்பு.
வலது காது பழுப்பு.
இடது காதை
விரலால் ஒருமுறை தேய்த்துப் பார்த்தேன்.

தொலைபேசி அடிக்கிறது.
கடிகாரச் சத்தம்.
'எப்படி இருக்கிறது உன்னுடையது?'

'கொஞ்சம் முரடு' என்கிறேன்.

'காது?' என்கிறார்.