கிழிசல் கிடைக்கவில்லை

வேஷக் கணக்கு நோட்டு இந்த வருஷம் என் கையில்.
பதினேழு பேர். நாலாயிரத்து இருநூறு ரூபாய்.
காளிக்குக் கிரீடமும் மரக்கைகளும்
வாடகைக்கு எடுத்ததில் பாதி போய்விட்டது.
மிச்சத்தில்
பதினாறு பிறவி எடுத்தாக வேண்டும்.

உடன்குடிச் சந்தைக்குப் பின்னால்
தார்ப்பாயில் குவிந்து கிடக்கிறது ஊர்ப்பட்ட உடம்பு.
அள்ளினால் இருபது, பொறுக்கினால் முப்பது.
உட்கார்ந்து பொறுக்கினோம்
நானும் தங்கப்பழமும் லிங்கத்துரையும்.

கண்டக்டர் ஒருவரின் காக்கிச் சட்டை கிடைத்தது.
பவுடர் டப்பாவை வெட்டித்
தோளில் நட்சத்திரம் குத்தியதும்
தங்கப்பழம் இன்ஸ்பெக்டர்.
பைக்குள் ஒரு டிக்கெட், திசையன்விளை வரை.
இருக்கட்டும் என்றான்.
இன்ஸ்பெக்டர் என்றாலும்
எங்கேயாவது இறங்கித்தானே ஆகணும்.

போன வருஷம் மலைக்குப் போய்வந்த சாமிமார்
கழற்றிப் போட்ட கறுப்பு வேட்டிகள் ஒன்பது.
நாடா நாடாவாய்க் கிழித்துப்
பழைய பனியனில் தைத்தால் கரடி.
அந்த வேட்டிக்கு இது இரண்டாம் விரதம்.

ராஜாவுக்கு மஞ்சள் நைட்டி, முன்பக்கம் திறந்து,
ஓரத்தில் யாரோ ஒருத்தியின் கல்யாணச் சரிகை.

நர்ஸுக்கு வெள்ளைச் சேலை மட்டும் வாங்கவில்லை.
மெஞ்ஞானபுரம் ஜெபக்கனி டீச்சர் கொடுத்தார்.
"கறை பண்ணாம திருப்பித் தாங்க தம்பி,
கிறிஸ்மஸுக்கு எங்க காபிரியேலுக்கு வேணும்."
குங்குமம் படாமல் பார்த்துக்கொள்வதாக
முத்தாரம்மன் பேரில் சத்தியம் பண்ணிவிட்டு வந்தேன்.

லிங்கத்துரைக்குத்தான் சிக்கல்.
வட்டிக் கடன் அடைந்தால்
பிச்சைக்காரனாய் உன் வாசலுக்கு வருகிறேன்
என்று நேர்ந்தவன்.
அடைந்துவிட்டது.
ஆனால் குவியலைத் தலைகீழாய்ப் புரட்டியும்
ஒரு கிழிசல் இல்லை.

கடைக்காரர் சிரித்தார்.
"கிழிஞ்சத எவம்ல போடுவான்?
கிழிஞ்சா வீட்டுல உடுப்பாவ.
அதுவும் போச்சுன்னா கரித்துணி.
அதுவும் போனா மெக்கானிக் கடைக்கு, எடைக்கு.
இங்க வாரதெல்லாம் கிழியாதது.
அளவு பத்தாதது.
உடுத்த ஆளு இல்லாமப் போனது."

சரி, நல்லதையே கிழிப்போம் என்று
நீலக்கட்டம் போட்ட முழுக்கை ஒன்று, முப்பது ரூபாய்.
பரமன்குறிச்சியில் அவன் வீட்டு வாசலில் வைத்து
பிளேடைப் பிரித்தேன்.
லிங்கத்துரை காலரைத் தடவினான்.
பட்டன்களை எண்ணினான், ஏழும் இருந்தன.
"நல்லநாள் பொழுதுக்குப் போடலாம் போலயே" என்றான்
வேறு எங்கோ பார்த்து.

பிரமசக்தி ஒன்றும் பேசவில்லை.
என் கையிலிருந்து சட்டையை உருவிக்கொண்டு
கொடியில் கிடந்த இன்னொன்றை வைத்தாள்:
வாழைத்தார் சுமக்க அவன் தினமும் போடுவது.
தோள் இரண்டும் நைந்து, முதுகெல்லாம்
எந்தச் சவுக்காரத்துக்கும் அசையாத வாழைக்கறை.
"வேஷத்துக்கு இது காணாதா?"

காணும்.
அழுக்குப் பூச எடுத்த மைடப்பாவைத்
திரும்பப் பைக்குள் போட்டேன்.
பிச்சைக்காரன், சட்டை, முப்பது
என்று நோட்டில் எழுதினேன்.
அந்தச் சட்டை அவன் பெட்டிக்குள் போனதை எழுத
நோட்டில் கட்டம் இல்லை.

கொடியேறிக் காப்புக் கட்டி
மேளத்தோடு தெருத்தெருவாய்ப் போனோம்.
கரடியைப் பார்த்துப் பிள்ளைகள் ஓடின.
இன்ஸ்பெக்டர் விசிலுக்கு ஒரு மினிபஸ்ஸே நின்றது.
அலுமினியத் தட்டோடு
கடைசியில் வந்தான் லிங்கத்துரை.

வாழை மண்டிக்கார வீட்டு அம்மா வெளியே வந்து
அவனை மேலும் கீழும் பார்த்தாள்.
"நீ வேஷம் கட்டலையா லிங்கத்துரை?"
"கட்டியிருக்கேன் தாயி."
பத்து ரூபாயைத் தட்டில் போட்டுவிட்டுக்
கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.
அவன் பூசிவிட்ட திருநீற்றை
நெற்றி குனிந்து வாங்கிக்கொண்டாள்.
உள்ளே போகப் போனவள் நின்று,
"நாளைக்கு ஒரு லோடு தார் இறக்கணும், வாரியா?"

தட்டை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு சொன்னான்,
"காப்பு அறுத்ததும் வாரேன்."