ஈரப்பதம்

பதினேழுக்கு மேல் போனால் வாங்கக் கூடாது என்று உத்தரவு.
தை கடைசியில் வந்த மழைக்கு அது தெரியாது.
தலைஞாயிறு கொள்முதல் நிலையத்தில்
மூன்று நாளாகப் படுதாவுக்குள் நெல் வியர்க்கிறது,
நெல்லுக்குப் பக்கத்தில் ஆட்கள்.
நான் பட்டியல் எழுத்தர். பருவகாலம் மட்டும்.
இரவுக் காவல் அமலதாஸ்.

அமலதாஸ் இருபத்திரண்டு வருஷம்
சுற்றுலாக் கப்பலில் இஸ்திரி போட்டவர்.
பன்னிரண்டு மாடி; ஒன்பதாவதில் ஒரு பியானோ.
திரும்பி வரும்போது கொண்டுவந்தது
கொஞ்சம் சர்க்கரை நோய், ஒரு மெமரி கார்டு.
கார்டு முழுக்க ஜாஸ்.
பியானோக்காரர்கள் மட்டும். அதிலும்
உலக யுத்தம் முடிந்து ஆண்கள் வீடு திரும்பிய பிறகு
பிறந்த பிள்ளைகள் மட்டும்.
"நாப்பத்தாறுலேர்ந்து அறுபத்துநாலு வரைக்கும், சார்.
அது ஒரு பட்டம்" என்பார்
விதைப்பைச் சொல்வது போல.

அந்தப் பட்டத்தில் விளைந்தவர்கள்
இளமையில் மின்சாரத்தைச் செருகிக்கொண்டார்களாம்.
வயர், பொத்தான், தோள் வரை முடி.
பிறகு பலபேர்
யாரும் கூப்பிடாமல்
மரத்துக்கே திரும்பி வந்தார்களாம்.
ஒருவருக்கு இடது கை நம்மூர் வாய்க்கால் மாதிரி:
முறை இல்லாத நாளிலும் அடியில் ஈரம் இருக்கும்.

நேற்று ராத்திரி பத்து மணி. கரண்ட் இல்லை.
சத்தம் பெருகட்டும் என்று
செல்போனை வாளிக்குள் வைத்தார்.
முப்பத்தோரு மூட்டையோடு காத்திருக்கும் செங்கமலம்
ரொம்ப நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு
"இந்தாளு பாட்ட எப்பத்தான் ஆரம்பிப்பாரு?" என்றாள்.
"ஆரம்பிச்சுப் பதினோரு நிமிஷம் ஆச்சு."
"அப்ப முடியவும் முடியாது போலருக்கு."
சுமைதூக்குகிறவர்கள் சிரித்தார்கள். நானும்.
வாளியை யாரும் நகர்த்தவில்லை.

கப்பலில் வாசித்தவன் பேர் வெண்டல்.
பெரியவர்கள் வரிசையில் இல்லாதவன்;
பட்டம் மட்டும் அதே. ஐம்பத்தொன்று.
ஒருநாள் அவன் வெள்ளைச் சட்டையின் முதுகில்
இஸ்திரிப் பெட்டி தடம் வைத்துவிட்டது,
பழுப்பாய், ஓர் அரசிலை அளவு.
சொல்லியிருந்தால் அமலதாஸுக்கு வேலை போயிருக்கும்.
வெண்டல் அன்று நாலு மணி நேரம்
கோட்டைக் கழற்றாமல் வாசித்தான்,
பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில்.
கடைசிக் குடிகாரனும் எழுந்து போன பிறகு
இஸ்திரிக்காரனை உட்காரவைத்து
தனக்குப் பிடித்த பெரியவர்களை வாசித்துக் காட்டினான்.
இவர் இந்த இடத்தில் வளைவார்,
இவர் இங்கே வரவே மாட்டார், காக்க வைப்பார்.
"தாளம் போன பிறகு, ஒரு மயிரிழை கழிச்சு
வெரல் வுழும் சார்.
லேட்டு இல்ல. வேணும்னே."

கடைமடைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டாம்.
மேட்டூர் திறந்து எத்தனையோ நாள் கழித்து வரும் தண்ணீரை
நாங்கள் தாமதம் என்று சொல்வதில்லை.
சொல்வோம். கெட்ட வார்த்தையோடு சொல்வோம்.
ஆனாலும் சருகும் நுரையும் தள்ளிக்கொண்டு
வாய்க்காலில் அந்த முதல் நாக்கு நீளும்போது
சாப்பாட்டுக் கையோடு ஓடிப்போய்ப் பார்ப்போம்.

விடிந்தது. வெயில் மாதிரி ஏதோ ஒன்று.
செங்கமலம் தார்ச்சாலையில் நெல்லைப் பரப்பி
காலால் கோடு கிழித்தபடி நடந்தாள், மேலும் கீழும்,
பஸ் வந்தால் ஒதுங்கி, திட்டி,
மறுபடி நடந்து.
பதினொரு மணிக்கு ஒரு பிடி அள்ளி மீட்டரில் போட்டேன்.
பதினேழு புள்ளி ஆறு.
பேனாவைக் கொஞ்சம் நிறுத்தினேன்.
பதினேழு என்று எழுதினேன்.

அமலதாஸ் பார்த்தாரோ என்னவோ.
மூட்டைமேல் படுத்திருந்தார், வாய் திறந்து.
வாளிக்குள் யாரோ,
ஐம்பதுகளில் பிறந்த யாரோ ஒருவர்,
இன்னும் ஆரம்பிக்காமல் இருந்தார்.