பெயர் மட்டும் பக்கத்தூர்

காலை ஒன்பது மணிப் படத்தில்
நாற்பத்தொரு தலை.
செயலி ஒத்துக்கொண்ட பிறகு
வாய்க்கால் கரையில் நின்று சொல்கிறேன்:
இதுதான்.
இலையைப் பாருங்கள்,
வெற்றிலையை யாரோ பிடித்து இழுத்த மாதிரி.
பூ, தேருக்குக் கட்டும் குழாய் ஸ்பீக்கர்
ரோஸ் நிறத்தில், தொண்டை மட்டும் கறுத்து.
தண்டை ஒடித்தால் பால் வரும்.
அந்தக் கையைக் கண்ணில் வைக்காதீர்கள்.
ஆடு தொடாது;
பஞ்சத்தில் தின்று பழகிய ஆடு
தலை நடுங்கியே சாகும்.

"காட்டாமணக்குதானேக்கா, இதுக்கொரு பாடமா?"
என்கிறான் கலியவரதன்.
அது வேறு.
இது நெய்வேலிக் காட்டாமணக்கு.
ஆமணக்குக்கு ஒட்டுமில்லை உறவுமில்லை,
சர்க்கரைவள்ளிக்கு ஒன்றுவிட்ட தங்கை.
வந்தது கடல் தாண்டி.
பெயர் மட்டும் பக்கத்தூர்.

போன ஆடியில் இயந்திரம் வந்தது.
மஞ்சள் கை நீட்டி
அரை நாளில் அரைக் கிலோமீட்டர்.
சோடா வாங்கிக் கொடுத்தோம்.
சிதறிய துண்டுகளை
யாரும் எண்ணவில்லை.
ஐப்பசியில் பரவனாறு பெருகி
ஒவ்வொன்றாய்த் தூக்கிப் போய்க்
கடைமடை வரை இறக்கிவிட்டது.
கணு எங்கே சேற்றைத் தொட்டதோ
அங்கே வேர்.
தை பிறந்தபோது
பெருமாள் ஏரி மதகடியில் பூத்திருந்தது,
அழகாகத்தான்.

அதனால் இந்த வருஷம் அரிவாள் வேண்டாம்.
கடப்பாரை, மண்வெட்டி, கை.
வேரோடு எடுத்து
கரைக்கு வெளியே, மேட்டில்,
வேர் வானம் பார்க்கப் போடுங்கள்.
சருகாகும்வரை நம்பாதீர்கள்.
ஒரு விரல் துண்டு தண்ணியில போனாலும்
அடுத்த வருஷமும் நமக்கு இதே வேலைதான்.
"போகட்டுமே, நூறு நாளும் முழுசாக் கிடைக்கும்"
என்கிறாள் மங்கலட்சுமி.
வாய்க்கால் முழுக்கச் சிரிப்பு.
நானும்தான்.

காலையிலிருந்து வாய் திறக்காத தையல்நாயகி
ஒரு தூரைப் பிடுங்கி
மண்ணை உதறியபடி கேட்டாள்:
"இந்தக் கரைக்கு இது எங்கிருந்து வந்துச்சு?"
எல்லோரும் மேற்கே பார்த்தார்கள்
ஏரியை, சுரங்கத்தை, அரசாங்கத்தை.
நான் வருகைத்தாளைப் பார்த்தேன்.

வீடு கட்டின வருஷம்
கம்பிவேலிக்குக் காசில்லை.
அறுபது குச்சி வெட்டி நட்டேன்.
ஒன்றுகூடப் பொய்க்கவில்லை.
பொங்கலுக்குப் பொங்கல் கழித்துவிட்டு
கழித்ததைப்
பின்வாசல் வாய்க்காலில் வீசினேன்,
தண்ணீர் கொண்டுபோகும் என்று.
கொண்டுபோயிருக்கிறது.

சாயங்காலம்
பால் காய்ந்து கறுத்த விரலோடு
என் வீட்டு வேலியில் கடப்பாரை போட்டேன்.
நட்டபோது முழம்.
இப்போது அடியில் இருப்பது
ஓர் ஆள் படுத்திருக்கிற கனம்.
பன்னிரண்டு வந்தன.
மிச்சம் நாளைக்கு,
அதற்கு வருகைத்தாளில் பெயரில்லை, கூலியில்லை.

பட்டுசாமி வீட்டு ஆடு
புதிதாய்த் திறந்த சந்தில் நின்று
என் கத்திரிச் செடிகளைப் பார்க்கிறது.
விரட்டக் கையில் குச்சி இருக்கிறது.
அதைக் கீழே போடவும்
பயமாக இருக்கிறது.