பாத்திமாவில் இரவு ஒன்பது டிகிரி

எழும்பூரில் ஒரு மாடிப்படிக்கு அடியில்
இரண்டு மேசை போட்ட ஆபீஸ்.
ஏசி சொட்டுகிற தண்ணீருக்கு ஒரு பெயிண்ட் டப்பா.
அது நிறைய மூன்று மணி நேரம்,
கத்திரி பிறந்துவிட்டால் இரண்டரை.

போர்ச்சுகல் போகிறவர்களுக்கு
வானிலை சொல்வது என் வேலை.
வடக்கே போர்ட்டோவில் அக்டோபரிலேயே மழை பிடித்துவிடும்,
சாய்ந்து பெய்து குடையைப் புரட்டிப் போடும்.
உள்ளே அலென்தேஜோ, ஜூலையில் நாற்பது,
நம்ம வேலூர் என்று வைத்துக்கொள்ளுங்கள்,
மூன்று மணிக்கு நாய்கூட நடக்காது.
லிஸ்பன் பக்கம் வெயில் இருக்கும்,
கடல் மட்டும் ஐஸ் பெட்டி,
மெரினா ஞாபகத்தில் காலை விட்டுவிடாதீர்கள்.
மேற்குக் கரையில் கோடை முழுக்க
வடக்கிலிருந்து ஒரு காற்று.
திசையைப் பார்த்தால் வாடை என்றுதான் சொல்ல வேண்டும்,
ஆனால் ஆடியில் அடிக்கிற வாடை.

பதினோரு வருஷமாகச் சொல்கிறேன்.
என் பாஸ்போர்ட்டில் ஒரு முத்திரை கிடையாது.
கெடு முடிந்து ஒரு முறை புதுப்பித்தேன்,
அவ்வளவுதான் அதன் பயணம்.

பெரம்பூரிலிருந்து வந்தார்கள் அருளப்பனும் செசிலியும்.
ஐ.சி.எஃப். ஓய்வுப் பணம், ஒரு முழங்கால் வேண்டுதல்.
மே பன்னிரண்டு இரவு
பாத்திமா மாதா கோவிலில் மெழுகுவர்த்தி ஊர்வலம்.
(என் உம்மாவின் பெயர்தான் அந்த ஊருக்கும்.
சொல்லவில்லை.)
ஸ்வெட்டர் எடுத்துக்கோங்க என்றேன்.
"மேயிலயா?" என்று சிரித்தார் செசிலி அம்மா,
முந்தானையால் கழுத்தை ஒற்றியபடி.
மேட்டு ஊர்ங்க, ராத்திரி ஒன்பது டிகிரி.
"எங்க வீட்டு ஃப்ரிட்ஜ் அவ்வளவு இருக்குமா?"
கதவைச் சரியா மூடலைன்னா இருக்கும் சார்.

கடை கடையாக அலைந்திருக்கிறார்கள்.
பாரிமுனையில் ஒருவர் பரணிலிருந்து இறக்கினாராம்
பாச்சா உருண்டை நாற்றத்தோடு இரண்டு கம்பளி.
வெளியே நாற்பத்தொன்று.
அளவு பார்க்க மாட்டிக்கொண்ட அருளப்பனை
மாம்பழம் விற்பவள் வந்து நின்று பார்த்தாளாம்.
கடைப்பையன் ஒன்றும் கேட்காமல்
ஃபேனை அவர் பக்கம் திருப்பினானாம்.

எனக்கும் ஒரு வானிலை உண்டு.
பல வருஷத்துக்கு முன் அரபிக்கடலில்
நிலோஃபர் என்று ஒரு புயல்.
கடுமையாக வரும் என்றார்கள், குஜராத் கதவை அடைத்தது.
அது கரையைத் தொடாமலே கரைந்துபோனது.
ஒரு வாரம் ஆபீசில் கேலி.
நானும் சிரித்தேன், முதல் மூன்று நாள்.

பதின்மூன்றாம் தேதி விடிய இரண்டு மணி.
புதுப்பேட்டையில் கரண்ட் போய்
தெரு முழுக்க வாசலில் உட்கார்ந்திருந்தது.
செய்தித்தாளால் குழந்தைக்கு வீசிக்கொண்டிருந்தார் எதிர்வீட்டுக்காரர்.
போனில் ஒரு குரல் பதிவு.
முதலில் ஆயிரம் பேர் பாடுகிற இரைச்சல்,
அப்புறம் காற்று,
அப்புறம் செசிலி அம்மா:
"நிலோஃபர், பல்லு தந்தியடிக்குதும்மா.
நீ சொன்னது தப்பு. ஒன்பது இல்ல, ஏழாம்!
உன் பேர்ல ஒரு மெழுகுவர்த்தி ஏத்தினேன்,
காத்து அணைச்சிடுச்சு.
அவரு கம்பளியை விரிச்சு மறைச்சாரு,
மறுபடி ஏத்தியாச்சு."

அதையே நாலு தடவை கேட்டேன்,
பாட்டுக்காக இல்லை,
நடுவில் வருகிற அந்தக் காற்றுக்காக.
போன் சூடாகிவிட்டது.
கன்னத்திலிருந்து எடுக்கவில்லை.

காலையில் ஆபீஸ் திறந்ததும்
சுவரில் ஒட்டிய தாளில்
மே, பாத்திமா, இரவு என்ற கட்டத்தில்
ஒன்பதை அடித்துவிட்டு ஏழு என்று எழுதினேன்.
எழுத்து கொஞ்சம் நடுங்கியிருந்தது.
பேனாதான் சரியில்லை.

டப்பா வழிந்துகொண்டிருந்தது.